பொட்டல மாமியின் விமானக் கம்பெனி

டில்லி கிழக்குக் கிட்வாய் நகரில் காமாக்ஷி வீடு எது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. பொட்டல மாமி வீடு எது என்று கேளுங்கள், பால்காரப் பையாகூட வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவான்.

அந்தக் காலனியிலிருந்து யார் எந்த ரயிலில் ஊருக்குப் போகிறார்கள், யார் என்றைக்குத் திரும்புகிறார்கள், யார் பெட்டியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதெல்லாம் காமாக்ஷிக்கு மனப்பாடம். ஜி.டி. எக்ஸ்பிரஸில் போகிறவர் பையில் மாம்பலத்துத் தங்கைக்கு ஸ்வெட்டர், அண்ணா நகர் ஓர்ப்படிக்கு ஆக்ரா பேட்டா மிட்டாய். அதே மனிதர் திரும்பும்போது அதே பையில் காப்பிப்பொடி, அப்பளக்கட்டு, வேப்பம்பூ, நல்லெண்ணெய். இதெல்லாம் இப்போது ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலேயே கிடைக்கிறதே என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. "கிடைக்கறது. ஆனா அதை யாரும் எனக்குன்னு குடுத்தனுப்பலையே!" என்பாள்.

அவள் வைத்திருந்த சட்டங்கள் இரண்டுதான். ஒன்று, போகிற பையும் சரி, வருகிற பையும் சரி, காலியாக இருக்கக் கூடாது. இரண்டாவது, பொட்டலத்தைக் கொடுக்கும்போது யார் கொடுத்தனுப்பியது என்று பெயரைச் சொல்லியே தீர வேண்டும். "பேரைச் சொல்லாம குடுத்தா அது திருட்டுச் சாமான்" என்பது அவள் தீர்ப்பு. முன்னொரு சமயம் மூன்றாம் பிளாக் ராஜமாணிக்கம், காமாக்ஷி கொடுத்த எலுமிச்சங்காய் ஊறுகாயைத் தன் மனைவி போட்டது என்று சொல்லிச் சென்னையில் கொடுத்துவிட்டார். விஷயம் எப்படியோ காமாக்ஷி காதுக்கு வந்தது. அப்புறம் அந்த மனிதர் ஊருக்குப் போகிறேன் என்று எத்தனை தடவை வந்து நின்றாலும், "உங்க பையில இடம் இருக்காது, போயிட்டு வாங்கோ" என்று அனுப்பிவிட்டாள். ஊறுகாய் போனது அவளுக்குப் பெரிதில்லை. பெயர் போனதுதான் பொறுக்கவில்லை.

இப்படிப்பட்டவளுக்குச் சொந்தப் பிள்ளையோடு பேச ஒரு விஷயம் கிடைக்கவில்லை என்றால் நம்புவீர்களா?

கிருஷ்ணபிரசாத் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலைக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வரும். டில்லியிலேயே வளர்ந்தவன், பேச்சில் பாதி ஹிந்திதான். "சாப்டியாடா?" "ஹாங் மா." "வேலை எப்படி இருக்கு?" "டீக் ஹை மா." "ஜலதோஷம் தேவலையா?" "ம். அப்பாகிட்ட குடு." அவ்வளவுதான், முடிந்தது. அப்பாவோடு மட்டும் அரைமணி நேரம் பேசுவான். கிரிக்கெட், கார், சம்பளம் என்று ஏதாவது இருக்கும். காமாக்ஷி அடுக்களை வாசலில் நின்று ஒரு பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாள். வயிறு எரியும். பத்து மாசம் சுமந்தவளுக்கு ஜலதோஷம், உட்கார்ந்து ஆபீஸ் ஃபைல் பார்த்தவருக்கு அரைமணி நேரமா?

பிள்ளை விட்டுவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டர் கூடத்து மூலையில் இருந்தது. டில்லியில் இருந்த வரைக்கும் அவன் அதில் ஒரு விளையாட்டே கதியென்று கிடப்பான். இன்டர்நெட்டில் ஆடுகிற விளையாட்டு. ஆளுக்கொரு விமானக் கம்பெனி. விமானம் வாங்கலாம், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு ஓட்டுவது என்று தீர்மானிக்கலாம், லாபம் வந்தால் இன்னொன்று வாங்கலாம், நஷ்டம் வந்தால் திவால். உலகமெல்லாம் இருந்து ஆடுவார்கள். யார் எந்தப் பெயரில் ஆடுகிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. காமாக்ஷிக்கு யோசனை தட்டியது. இதை நாமும் கற்றுக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை பேச ஒரு விஷயம் ஆச்சே?

கற்றுக்கொண்டாள். பக்கத்து வீட்டு அம்சவேணியின் பெண் அகல்யா பெங்களூருக்கு வேலைக்குப் போவதற்கு முன், மௌஸைப் பிடிப்பதிலிருந்து எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். முதலில் எல்லோரையும் போல ஜனங்களை ஏற்றிக்கொண்டு பறந்து கையைச் சுட்டுக்கொண்டாள். அப்புறம்தான் சரக்கு விமானத்துக்கு வந்தாள். அந்த விளையாட்டில் சரக்கு விமானம் என்றாலே எல்லோரும் தலைதெறிக்க ஓடுவார்கள். ஏன் என்று அவளுக்கு ஒரு வாரத்தில் புரிந்துவிட்டது. டில்லியிலிருந்து துபாய்க்கு ஜவுளி மூட்டை நிறையப் போகிற விமானம், துபாயிலிருந்து டில்லிக்குக் காலியாகத் திரும்பி வந்தது. போகும்போது கிடைத்த லாபமெல்லாம் வரும்போது எண்ணெய்ச் செலவில் கரைந்தது.

"கட்டைல போறவனே, வெறும் கையை வீசிண்டா வரே?" என்று திரையில் ஊர்ந்து வந்த அந்தக் குட்டி விமானத்தைத் திட்டினாள்.

மாம்பலம் போனவர் பை காலியாகத் திரும்புவதாக இருந்தால் காமாக்ஷி என்ன செய்வாள்? நேராக வராதே, மாயவரம் வழியாக வா, அங்கே என் மன்னி ஒரு தூக்குப் பாத்திரம் கொடுப்பாள் என்பாள். அதையேதான் இங்கேயும் செய்தாள். துபாயிலிருந்து டில்லிக்குச் சரக்கு இல்லையா? சரி, துபாயிலிருந்து பம்பாய்க்கு இருக்கிறது. பம்பாயிலிருந்து டில்லிக்கு மருந்துப் பெட்டி இருக்கிறது. சுற்றிக்கொண்டு வா! முக்கோணமாகச் சுற்றிய விமானம் எந்தப் பக்கமும் காலியாகப் பறக்கவில்லை. புது விமானமும் வேண்டாம் என்று, மற்றவர்கள் கழித்துப் போட்ட பழைய விமானங்களாகப் பார்த்து வாங்கினாள். "பொட்டலத்துக்கு ஜன்னல் சீட்டா வேணும்?" ஊர் தூங்குகிற நேரத்தில் விமான நிலையத்தில் இறங்கக் கட்டணம் குறைவு என்று கண்டுபிடித்து, எல்லாவற்றையும் அந்த நேரத்துக்கே மாற்றினாள். "மூட்டை தூக்கம் கெட்டுப்போச்சுன்னு கம்ப்ளெயின்ட் எழுதுமா என்ன?" இரண்டு மாசத்தில் அவள் கம்பெனி சரக்கு வரிசையில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. அடேயப்பா, அன்றைக்கு அவள் பண்ணின அமர்க்களத்தைப் பார்க்க வேண்டுமே! சாமிக்குப் பால் பாயசம்கூடப் பண்ணினாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தாள். ஃபோன் வந்ததும் மூச்சு விடாமல் ஆரம்பித்தாள்.

"பிரசாத், நீ ஆடுவியே அந்த ப்ளேன் கேம், நான் இப்ப அதுல..."

"அரே மா, நான் அதெல்லாம் எப்பவோ விட்டுட்டேன். இங்க டைம் எங்க இருக்கு? அப்பாகிட்ட குடு."

கொடுத்தாள். வேறென்ன செய்வாள்? அடுக்களைக்குப் போய்ப் பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள். ஆசை ஆசையாகச் செய்துகொண்டு போனதை மூடியைக்கூடத் திறந்து பார்க்காமல் திருப்பி அனுப்பினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

ஆனால் பாருங்கள், அதற்கப்புறம்தான் அதிசயம் நடந்தது. அவள் கணவர் கல்யாணராமன் மத்திய அரசில் செக்ஷன் ஆபீசர். பே கமிஷனும் டி.ஏ.வும் தவிர வேறெதுவும் காதில் ஏறாத மனிதர். காமாக்ஷி எதைச் சொன்னாலும் பேப்பருக்குப் பின்னாலிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வரும். கல்யாணமான நாளிலிருந்து அந்த "ம்"மோடுதான் அவள் குடித்தனம் நடத்தினாள். அந்த மனிதர் ஒருநாள் சாயங்காலம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ஏன் காமு, பம்பாய்க்குப் பதிலா அகமதாபாத் வழியா வந்தா என்ன?" என்று கேட்டார்.

காமாக்ஷி கையிலிருந்த டவராவைக் கீழே வைத்தாள்.

"என்னன்னா, என்னோட கேமைப் பத்தியா கேக்கறேள்?"

"சும்மா கேட்டேன். சொல்லேன்."

சொன்னாள். அன்றைக்கும் சொன்னாள், மறுநாளும் சொன்னாள். பிப்ரவரியில் கொச்சியிலிருந்து என்ன போகும், மே மாசம் மாம்பழத்துக்கு எத்தனை விமானம் ஒதுக்க வேண்டும், எல்லாம் சொன்னாள். அவர் "அப்புறம்?" என்றார். இந்த "அப்புறம்?" என்ற ஒரு வார்த்தையை அவள் அவர் வாயிலிருந்து கேட்டதே இல்லை. சொன்னால் சிரிப்பீர்கள், அந்த வயசில் அவள் தலையை வாரிப் பின்னிக்கொண்டு, பவுடர் போட்டுக்கொண்டு சாயங்காலத்துக்குக் காத்திருந்தாள். அவருக்குப் பிடித்த அடையும் அவியலும் அடிக்கடி தட்டில் விழுந்தன. அவர் சாப்பிட்டுவிட்டு மொபைலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எதிர்ப் பார்க்கில் நடக்கப் போவார். பிள்ளை கேட்காவிட்டால் போகட்டும், இவராவது கேட்கிறாரே என்று காமாக்ஷி மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அந்த நல்ல காலத்தில்தான் 'ப்ளூ ஈகிள்' வந்தது.

யாரோ ஒருவனுடைய கம்பெனி அது. அதுவரை ஜனங்களை மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தவன் திடீரென்று சரக்குக்கு மாறினான். காமாக்ஷி எந்த முக்கோணத்தை யோசித்து வைத்தாலும் மறுநாள் அதே முக்கோணத்தில் அவன் விமானம் நிற்கும். அவளைவிடக் கூலி குறைவு. அதே பழைய விமானம், அதே ராத்திரி நேரம். கொச்சி போயிற்று. அகமதாபாத் போயிற்று. மாம்பழத்துக்கு என்று அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்த வழியும் போயிற்று. முதலிடத்திலிருந்து சரசரவென்று கீழே வந்தாள். ப்ளூ ஈகிள் மேலே போனான்.

"ஏன்னா, ஆபீஸ்ல யார்கிட்டயாவது இதைப் பத்திச் சொன்னேளா?"

"எனக்கு வேற வேலை இல்லை பாரு!" என்று கல்யாணராமன் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பிவிட்டார்.

காமாக்ஷி அசடு இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடையைத் தட்டில் போட்டுக்கொண்டே, ரகசியம் பேசுகிறவள் போலக் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அடுத்தது நாக்பூர்தான்னா. ஆரஞ்சு சீசன். நாக்பூர்லேர்ந்து ஷார்ஜா. அஞ்சு ப்ளேன் கொண்டுபோய் நிறுத்தினா அள்ளிக்கலாம். ஒருத்தனும் இன்னும் அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கலை."

"நாக்பூரா? பேஷ். அப்புறம்?"

அப்புறம் என்ன அப்புறம்! அந்த விளையாட்டில் நாக்பூரில் ஒரு கறிவேப்பிலைக் கொத்துகூடச் சரக்கு கிடையாது. அதைச் சரிபார்த்துக்கொண்டுதான் சொன்னாள். தப்பான ஊரில் விமானத்தை வாங்கி நிறுத்திவிட்டால் அந்த சீசன் முடியும்வரை விற்கவும் முடியாது. சனிக்கிழமை காலை கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தாள். நாக்பூரில் ப்ளூ ஈகிளின் விமானங்கள் ஐந்தும் வரிசையாக நின்றன.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அட மனுஷா! நடக்கப் போகிற சாக்கில் மொபைலிலேயே ஆடிக்கொண்டு என் தலையிலேயே கை வைத்தீரா? கோபம் வந்தது, வராமல் இல்லை. ஆனாலும் கட்டின பெண்டாட்டியை ஜெயிக்க இந்த வயசில் ஒரு மனிதர் இவ்வளவு பாடுபடுகிறார் என்றால் அதில் ஒரு அழகு இருக்கத்தானே செய்கிறது? குளித்துவிட்டு வரட்டும், கையும் களவுமாகப் பிடித்து, காது புளிக்கத் திட்டிவிட்டு, இரண்டாம் காப்பியும் கொடுப்பது என்று தீர்மானித்தாள். அந்த அளவுக்கு அவள் மன்னித்தாயிற்று.

கல்யாணராமன் குளியலறையில் ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேஜைமேல் அவருடைய மொபைல் அடித்தது. காமாக்ஷி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். ஹலோ சொல்வதற்குள் அந்தப் பக்கம் படபடவென்று ஆரம்பித்துவிட்டது.

"அப்பா, நாக்பூர்ல லோடே இல்லையே! அஞ்சு ப்ளேனும் சும்மா நிக்கறது. அம்மா என்ன சொன்னான்னு சரியா கேட்டியா இல்லையா? இன்னொரு தடவை போய் ஜல்தி கேட்டுட்டு வா!"

காமாக்ஷி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பிரசாத்" என்றாள்.

"அரே... அம்மாவா?"

"ஆமாண்டா, அம்மாதான். நீதான் ப்ளூ ஈகிளா?"

"அது... ஆமா மா."

"விட்டுட்டேன்னு சொன்னியேடா. டைம் இல்லைன்னு சொன்னியே."

"இல்ல மா, கேளு. ஆடறேன்னு சொன்னா நீ தினம் ஃபோன் பண்ணுவே. ரசம் சாப்டியா, மோர் சாப்டியான்னு ஆரம்பிச்சு, அங்கேர்ந்து மாயவரம் போய், மன்னி என்ன சொன்னா, ராஜமாணிக்கம் மாமா ஊறுகாயை என்ன பண்ணினார்... ஒரு மணி நேரம் ஆயிடும். அப்பான்னா பாயின்ட்டை மட்டும் சொல்லிடுவார். ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுடும்."

"அப்போ அது என் யோசனைன்னு உனக்கு முன்னாடியே தெரியும்."

"பின்ன? அப்பாவுக்கு என்ன தெரியும் கார்கோவைப் பத்தி!" என்று அவன் சிரித்தான். கெட்ட பிள்ளை இல்லை அவன். நல்ல வார்த்தை சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டான். "நீ ஜீனியஸ் மா, சச்சீ, நிஜமா! என் ஆபீஸ்ல பசங்க எல்லாரும் இப்ப உன் முக்கோணத்தைத்தான் ஓட்டறா."

"அவாளுக்குத் தெரியுமா, அது யாரோடதுன்னு?"

குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது.

"அவாகிட்ட அம்மா சொல்லிக்குடுத்தான்னு எப்படி மா சொல்றது? கிண்டல் பண்ணுவா. நான் கண்டுபிடிச்சதுன்னுதான்... அதை விடு மா. ப்ளீஸ், இப்ப அந்த அஞ்சு ப்ளேனையும் என்ன பண்றது? ஒரு வழி சொல்லேன். இல்லேன்னா திவால்தான்."

காமாக்ஷிக்கு வழி தெரியும். நாக்பூர் நட்ட நடுவில் இருக்கிற ஊர். அங்கே சரக்கு இல்லாவிட்டால் என்ன, நாலு பக்கமும் போகிற சரக்கை அங்கே கொண்டுவந்து மாற்றி அனுப்பலாமே! அதை நினைத்துத்தான், எதிராளி யாராக இருந்தாலும் பாவம் அடியோடு போய்விட வேண்டாம் என்று, ஊரையெல்லாம் விட்டு நாக்பூரைப் பொறுக்கியிருந்தாள். நாக்கு நுனிவரை வந்தது. வருஷம் முழுக்க இந்த ஒரு கேள்விக்குத்தானே அவள் தவம் கிடந்தாள்? பிள்ளை ஒரு யோசனை கேட்க வேண்டும், அவள் சொல்ல வேண்டும். இதோ கேட்டுவிட்டான். ஆனால் இந்தக் கேள்விகூட அவளைத் தேடி வந்தது இல்லை, அப்பாவைத் தேடி வந்த ஃபோனில் வந்தது.

"அப்பாவைக் கேளு" என்றாள்.

இடுப்பில் ஈர வேஷ்டியும் நெற்றியில் அரைகுறை விபூதியுமாக வந்து நின்ற கல்யாணராமன் கையில் மொபைலைத் திணித்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், மொபைலைப் பார்த்தார். காதில் வைத்துக்கொண்டு, "நாக்பூரா? அது வந்துடா... அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

"காமு, குழந்தை கேட்டான், சொன்னேன். அசலாருக்கா குடுத்தேன்? நம்ம குழந்தைக்குத்தானே?"

"குழந்தைக்குன்னா நானே குடுத்திருக்க மாட்டேனா? வாயைத் திறந்து கேட்டிருந்தா என் கம்பெனியையே எழுதிக் குடுத்திருப்பேனே! அதை விடுங்கோ. அப்புறம், அப்புறம்னு கேட்டேளே தினம், அது எனக்காக இல்லையா?"

அவர் துண்டின் நுனியை முறுக்கினார். "ஒரு கேமுக்குப் போயி..."

"கேமாம் கேம்! நீங்க என் பேச்சைக் கேக்கறேள்னு நான் தலை பின்னிண்டு உக்காந்திருந்தேன், தெரியுமா உங்களுக்கு? வெக்கமா இருக்கு எனக்கு. ராஜமாணிக்கம் ஊறுகாயைத்தான் திருடினார். நீங்க..." இரண்டாம் காப்பிக்கு வைத்திருந்த பால் அடுப்பிலேயே பொங்கி வழிந்தது. அவள் எழுந்து போய் அணைக்கவும் இல்லை, அவருக்கு அணைக்கத் தோன்றவும் இல்லை.

மத்தியானம் அம்சவேணி வந்தாள். பெண் அகல்யாவைப் பார்க்க அன்றைக்கு ராத்திரி கர்நாடகா எக்ஸ்பிரஸில் பெங்களூர் கிளம்புகிறாள். மதுரைக்காரி. பொட்டல மாமியின் சட்டம் இரண்டும் நன்றாகத் தெரிந்தவள். தட்டை டப்பா தயாராக இருக்கும் என்று பெரிய பையாகவே கொண்டுவந்திருந்தாள்.

"என்ன மாமி, தம்பிக்கு டப்பா ரெடியா? நீங்க சொன்ன மாதிரி ஒரு ஓரமா இடம் விட்டு வச்சிருக்கேன். குடுக்கும்போது அம்மா குடுத்துவிட்டாங்கன்னு சொல்லிப்புடறேன், மறக்க மாட்டேன்."

டப்பா கம்ப்யூட்டர் மேஜைமேல்தான் இருந்தது. முந்தாநாள் கை கடுக்கத் தட்டி, பொரித்து, ஆறவைத்து அடுக்கியது. மூடிமேல் பிள்ளை பெயரை ஒட்டி, அதற்குக் கீழே 'அம்மா' என்று எழுதியும் இருந்தது. காமாக்ஷி அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை.

"இந்தத் தடவை ஒண்ணும் இல்லை அம்சவேணி. நீ போயிட்டு வா."

"என்னங்க மாமி, வெறும் பையோடவா? நீங்களா சொல்றீங்க?" அம்சவேணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் காலனியில் வெறும் பையோடு ஒருத்தி ரயில் ஏறினதாகச் சரித்திரமே இல்லை. "அதான் டப்பா அங்கன இருக்கே. தம்பிக்குத் தட்டைன்னா உசுராச்சே, பிடிக்காதா என்ன?"

"பிடிக்குண்டி, தட்டை ரொம்பப் பிடிக்கும்" என்றாள் காமாக்ஷி. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. "பண்ணி அனுப்பறவ குரலைக் கேக்கத்தான் பிடிக்கலை."

உள்ளே கல்யாணராமன் பேப்பரைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. அம்சவேணி காலிப் பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, மாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.